தட்டை நிலத்தின் உயரம்



நிலத்தின் உயரத்தை அளப்பது, அதை வரைபடமாக்குவது என்றதும் நம் மனம் மலைக்குத்தான் போகிறது. எவரெஸ்ட் 8,848.86 மீட்டர், ஆனைமுடி 2,695, தொட்டபெட்டா 2,637 என்று போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் கண்ணை மூடிக்கொண்டு ஒப்பிப்பார்கள். வேதாரண்யம் எவ்வளவு உயரம் என்று கேட்டால் அவர்களிடம் பதில் இல்லை. அந்தக் கேள்வியை யாரும் அவர்களிடம் கேட்டதும் இல்லை. ஆனால் எவரெஸ்ட் உயரத்தில் ஒரு மீட்டர் பிசகினால் யாருக்கும் ஒன்றும் ஆகிவிடாது. காவிரிக் கடைமடையில் ஒரு மீட்டர் பிசகினால், புயல் வரும் இரவில் ஓர் ஊரைக் காலி செய்யச் சொல்வதா வேண்டாமா என்ற முடிவே மாறிவிடும். அதனால் இன்று மலைகளை விட்டுவிடுகிறேன். நான் பேசப்போவது தட்டை நிலத்தின் உயரத்தைப் பற்றி.

உயரம் என்று ஒருவர் சொன்னால், எங்கிருந்து என்று உடனே கேட்க வேண்டும். தஞ்சாவூரிலிருந்து திருவாரூர் வழியாக நாகப்பட்டினம் போகிறவர்கள் ரயில் நிலையப் பலகைகளைக் கவனித்திருப்பீர்கள். நடைமேடையின் இரண்டு முனையிலும் மஞ்சள் பலகை இருக்கும். அதில் ஊர்ப் பெயரோடு சிறிய எழுத்தில் எம்.எஸ்.எல். என்று போட்டு ஓர் எண். சராசரிக் கடல் மட்டத்திலிருந்து அந்த இடத்தின் உயரம் அது. கிழக்கே போகப் போக எண் குறைந்துகொண்டே வரும்.

அந்தச் சராசரிக் கடல் மட்டத்தை யார், எங்கே, எப்படித் தீர்மானித்தார்கள்? இந்தியாவில் துல்லிய லெவல் எடுக்கும் பணி 1858-இல் தொடங்கியது. ஏறத்தாழ அரை நூற்றாண்டு சாலை ஓரமாகவும் தண்டவாளத்தை ஒட்டியும் நடந்து நடந்து ஒரு வலைப்பின்னலை உருவாக்கினார்கள். 1909-இல் அந்த வலை முழுவதையும் ஒன்றாகக் கணக்கிட்டபோது ஒன்பது துறைமுகங்களின் கடல் மட்டத்தைச் சுழி என்று வைத்துக்கொண்டார்கள். கராச்சி, பம்பாய், கார்வார், பேப்பூர், கொச்சி, நாகப்பட்டினம், சென்னை, விசாகப்பட்டினம், ஒடிசாக் கரையில் ஃபால்ஸ் பாயின்ட். ஒன்பதில் இரண்டு நம் தமிழகத்தில் உள்ளவை.

அந்தக் காலத்து ஓத அளவி எளிமையான கருவி. கடலோடு தொடர்புள்ள ஒரு கிணற்றுக்குள் மிதவை. மிதவையோடு இணைத்த ஒரு பென்சில். கடிகாரம் சுற்றும் உருளையில் தாள். கடல் ஏறினால் பென்சில் ஏறும், வற்றினால் இறங்கும். அலையின் ஆட்டம் கிணற்றுக்குள் வராதபடி வாயைச் சிறியதாக வைத்திருப்பார்கள். ஆண்டுக்கணக்கில் மணிக்கு மணி எடுத்த அளவுகளைச் சராசரி செய்தால் ஒரு மட்டம் கிடைக்கும். அருகில் ஒரு கல்லை நட்டு, கல்லின் தலை இந்த மட்டத்துக்கு மேல் இவ்வளவு என்று குறித்து வைப்பார்கள். பொறியாளர்கள் ஜி.டி.எஸ். பெஞ்ச் மார்க் என்று சொல்வது அந்தக் கல்லில் தொடங்கி உள்நாடு முழுக்கப் பரவிய கற்களின் குடும்பத்தைத்தான்.

ஒன்பது இடத்திலும் கடலைச் சுழி என்று கட்டிப்போட்டதில் ஒரு சிக்கல் உண்டு. கடல் எல்லா இடத்திலும் ஒரே மட்டத்தில் நிற்பதில்லை. கங்கையும் பிரம்மபுத்திராவும் மகாநதியும் கோதாவரியும் நன்னீரைக் கொண்டுவந்து கொட்டுகிற வங்கக் கடலில் நீரின் உப்பு குறைவு, அதனால் அடர்த்தியும் குறைவு. காற்றும் நீரோட்டமும் பருவத்துக்குப் பருவம் நீரை ஒரு கரையில் ஏற்றி இன்னொரு கரையில் இறக்குகின்றன. இமயத்தை அளக்கிறவருக்கு இந்தச் சில சென்டிமீட்டர்கள் பொருட்டில்லை. கடலுக்கும் வயலுக்கும் இடையே உள்ள வித்தியாசமே அரை மீட்டர்தான் என்கிற இடத்தில் அவைதான் கணக்கு.

நம் மண்ணில் நில அளவையின் வரலாற்றைப் பேசுகிறவர்கள் பரங்கிமலையில் தொடங்குவார்கள். வில்லியம் லாம்டன் 1802 ஏப்ரல் 10 அன்று பரங்கிமலைக்கும் பெரும்பாக்கத்துக்கும் இடையே ஏழரை மைல் அடிக்கோட்டை எஃகுச் சங்கிலியால் அளக்கத் தொடங்கினார். இமயம் வரை போன மாபெரும் முக்கோண அளவைக்கு அந்தக் கோடே வேர். அவர் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் அது தட்டையாக இருந்தது. அவர் தேடியது நீளம். நீளத்துக்குத் தட்டை நிலம் உதவி செய்யும். இன்று பெரும்பாக்கத்துக்கு வடக்கே பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தையும், அதைத் தாண்டி வேளச்சேரியையும் பார்க்கிறோம். 2015 டிசம்பரில் அந்தப் பகுதிகள் எப்படி மூழ்கின என்பது இந்த அவையில் பலருக்கும் நேரடி அனுபவம். நாட்டின் நில அளவை பிறந்த இடத்தின் பக்கத்திலேயே, எந்தத் தெரு எந்தத் தெருவைவிடத் தாழ்வு என்று தண்ணீர் வந்து சொல்லித்தான் நமக்குத் தெரிந்தது. எனக்கு இது இன்றும் ஆறாத வருத்தம்.

லாம்டனுக்கே தட்டை நிலம் சோதனை வைத்தது டெல்டாவில். மலை நாட்டில் ஒரு குன்றின் உச்சியிலிருந்து அடுத்த குன்றைப் பார்த்துக் கோணம் எடுக்கலாம். தஞ்சை நாட்டில் குன்று ஏது? நாலாபுறமும் தென்னையும் பனையும் பார்வையை மறித்தன. வேறு வழியில்லாமல் கோயில் கோபுரங்களை அளவை நிலையங்களாக்கினார். 1808-இல் அரை டன் எடையுள்ள தியோடலைட்டைத் தஞ்சைப் பெரிய கோயிலின் உச்சிக்குக் கயிறு கட்டி ஏற்றும்போது, துணைக்கயிறு அறுந்து கருவி கற்சுவரில் மோதியது. கோண அளவுகள் செதுக்கிய பித்தளை வட்டம் நெளிந்துபோனது. லாம்டன் கூடாரத்துக்குள் அடைந்துகொண்டு வாரக்கணக்கில் அந்த வட்டத்தைத் தட்டித் தட்டி மீண்டும் வட்டமாக்கினார். அவருடைய விடாமுயற்சிக்கு உதாரணமாக இதைச் சொல்வார்கள். எனக்கு இந்த நிகழ்ச்சி வேறு ஒன்றையும் சொல்கிறது. நாட்டின் மிகச் சிறந்த கருவி நொறுங்கப் பார்த்தது மலையில் இல்லை, காவிரிச் சமவெளியில்.

தொலைவிலிருந்து கோணம் பார்த்து உயரம் கணிப்பது சமவெளிக்குச் சரிப்படாது. வெயிலில் தகிக்கும் வயலுக்கு மேலே காற்று ஒளியை வளைத்துவிடும். ஆகவே தரையோடு தரையாக நடந்து லெவல் எடுப்பது ஒன்றே வழி.

மாணவர்களுக்காக அந்த வேலையைக் கொஞ்சம் விளக்குகிறேன். முக்காலியில் லெவல் கருவி. அதன் குமிழியை நடுவுக்குக் கொண்டுவந்துவிட்டால் தொலைநோக்கி எந்தப் பக்கம் திரும்பினாலும் பார்வை ஒரே கிடைமட்டத்தில் போகும். பின்னால், உயரம் தெரிந்த கல்லின் மேல் ஒருவர் ஸ்டாஃபை, அதாவது எண் குறித்த அளவுக்கோலை, பிடித்து நிற்பார். அதில் தெரியும் எண்ணைக் கல்லின் உயரத்தோடு கூட்டினால் கருவியின் பார்வை மட்டம் கிடைத்துவிடும். முன்னால் இன்னொருவர் புதிய இடத்தில் ஸ்டாஃபை நிறுத்துவார். அந்த எண்ணைக் கழித்தால் புதிய இடத்தின் உயரம். பிறகு கருவி முன்னே நகரும். முன்னால் நின்றவர் அசையாமல் அதே புள்ளியில் நிற்க, அவர் பின்னால் நிற்பவர் ஆகிவிடுவார். கூட்டல், கழித்தல், நடை. வேறொன்றும் இல்லை. ஆனால் இரண்டு பக்கத் தூரமும் ஏறக்குறையச் சமமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பூமியின் வளைவும் கருவியின் சாய்வும் பிழையாகச் சேர்ந்துகொண்டே போகும். என் மாணவர்களை வாய்க்கால் கரைக்கு அழைத்துப்போகும்போது முதல் நாள் எல்லோரும் ஸ்டாஃபை மிதித்துக் கெட்டிப்படுத்தாத ஈர மண்ணில் வைப்பார்கள். கருவி திரும்புவதற்குள் அது ஒரு சென்டிமீட்டர் அமிழ்ந்திருக்கும். மறுநாள் முதல் அவர்களே கல்லோ மதகுச் சுவரோ தேடிப் போய் நிற்பார்கள்.

தொடங்கிய கல்லுக்கே திரும்பி வந்தால் கூட்டலும் கழித்தலும் சுழியாக வேண்டும். வராது. எவ்வளவு பிழையை ஏற்கலாம் என்பதற்கு நம் பாடப்புத்தகங்களில் ஒரு விதி உண்டு: துல்லிய வேலைக்கு, கிலோமீட்டரில் தூரத்தின் வர்க்கமூலத்தைப் பன்னிரண்டால் பெருக்கினால் வரும் மில்லிமீட்டர். 25 கிலோமீட்டர் நடந்து வந்தால் 6 சென்டிமீட்டர் வரை பொறுக்கலாம். இந்த 6 சென்டிமீட்டரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி வானத்துக்குப் போவோம். 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்வெளி ஓடம் 11 நாள் பூமியைச் சுற்றியது. ஓடத்தின் உடலில் ஒரு ரேடார் ஆன்டெனா, 60 மீட்டர் நீளமுள்ள கம்பத்தின் நுனியில் இன்னொன்று. தரையில் பட்டுத் திரும்பும் அதே அலை இரண்டு ஆன்டெனாவையும் மிக நுட்பமான கால வேறுபாட்டில் வந்தடைகிறது. அந்த வேறுபாட்டிலிருந்து உயரத்தைக் கணித்தார்கள். வடக்கே 60 பாகை, தெற்கே 56 பாகை வரை, உலக நிலப்பரப்பில் ஏறத்தாழ 80 விழுக்காட்டுக்கு ஒரே மூச்சில் உயர மாதிரி கிடைத்தது. எஸ்.ஆர்.டி.எம். என்று நாம் சொல்வது இதைத்தான். 2005 மே 5 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போன நம் கார்ட்டோசாட்-1 செயற்கைக்கோள், முன்சாய்ந்த ஒரு கேமராவும் பின்சாய்ந்த ஒரு கேமராவுமாக ஒரே இடத்தை இரண்டு கோணத்தில் படம் பிடித்தது. அதிலிருந்து கார்ட்டோடெம் என்ற உயர மாதிரி பிறந்தது. இவை மகத்தான சாதனைகள். இமயத்தின் பனியாறுகளையும் நீலகிரியின் சரிவுகளையும் இவற்றை வைத்து ஆராய்ந்த எத்தனையோ ஆய்வேடுகளை நானே மதிப்பிட்டிருக்கிறேன்.

ஆனால் எஸ்.ஆர்.டி.எம். திட்டம் தனக்கு வைத்துக்கொண்ட துல்லிய இலக்கு 16 மீட்டர். கைக்குக் கிடைத்தது அதைவிட நல்ல தரம் என்பது உண்மை. இருந்தாலும் பேச்சு மீட்டரில் இருக்கிறது. நம் கடைமடையின் கதை, நினைவில் வைக்கச் சொன்ன அந்த 6 சென்டிமீட்டரைப் போல, சென்டிமீட்டரில் இருக்கிறது.

இன்னொரு தகராறு இதைவிடப் பெரியது. ரேடார் அலை முதலில் தொடுவது எதையோ அதைத்தான் தரை என்று எடுத்துக்கொள்ளும். தென்னந்தோப்பு இருந்தால் மட்டைகளுக்குள் எங்கோ ஓரிடம். ஊர் இருந்தால் கூரைகள். கேமராவுக்கும் இதே கதிதான். ஆக, நாம் பெறுவது நிலத்தின் மேல் உள்ளவற்றின் மேற்பரப்பு. மக்கள் எங்கே நெருக்கமாக வாழ்கிறார்களோ, எங்கே மரம் வைத்திருக்கிறார்களோ, அங்கே நிலம் உண்மையைவிட மேடாகத் தெரியும். வெறும் வயல் சரியாகத் தெரியும், குடியிருப்பு மட்டும் பாதுகாப்பான மேட்டில் இருப்பதுபோலத் தெரியும். இதைவிட ஆபத்தான பிழை இருக்க முடியாது.

அந்தப் பிழையின் அளவை 2019-இல் ஸ்காட் கல்ப், பெஞ்சமின் ஸ்ட்ராஸ் இருவரும் நேச்சர் கம்யூனிகேஷன்ஸ் இதழில் காட்டினார்கள். இன்றைய உயர் ஓத மட்டத்துக்குக் கீழே வசிப்பவர்கள் உலகில் 2.8 கோடிப் பேர் என்று எஸ்.ஆர்.டி.எம். சொன்னது. மரத்தையும் கூரையையும் கழித்துத் திருத்திய மாதிரியில் அதே எண்ணிக்கை 11 கோடி ஆனது. நான்கு மடங்கு.

அதே ஆண்டு அதே இதழில் வந்த இன்னொரு கட்டுரையை நான் வகுப்பில் விடாமல் படிக்க வைப்பதுண்டு. வியட்நாமின் மீகாங் டெல்டாவைப் பற்றி நெதர்லாந்தின் பிலிப் மின்டர்ஹவுடும் அவருடைய குழுவினரும் எழுதியது. அந்த டெல்டா சராசரியாகக் கடல் மட்டத்துக்கு மேல் 2.6 மீட்டர் என்று உலக ஆய்வுகள் நம்பிக்கொண்டிருந்தன. உண்மையில் அது ஏறத்தாழ 0.8 மீட்டர்தான் என்று அவர்கள் நிறுவினார்கள். எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பதுதான் முக்கியம். புதிய செயற்கைக்கோள் எதுவும் இல்லை. வியட்நாம் நில அளவையாளர்கள் தரையில் நடந்து எடுத்து நிலவரைபடத்தில் பதித்திருந்த உயரப் புள்ளிகளைத் தேடி எடுத்து, அவற்றிலிருந்து மாதிரியைக் கட்டினார்கள். அவற்றை உள்ளூர்க் கடல் மட்டத்தோடு பொருத்தினார்கள். உண்மை ஏற்கெனவே அந்த நாட்டில் அளந்து எழுதப்பட்டுத்தான் இருந்தது.

மாதிரியின் கட்டமைப்புக்கு வருகிறேன். இன்று நம் கைக்கு இலவசமாகக் கிடைக்கும் மாதிரிகளில் ஒரு கட்டம் 30 மீட்டருக்கு 30 மீட்டர். நம் கணக்கில் சொன்னால் சுமார் 22 சென்ட் நிலம். அந்த 22 சென்டுக்கும் சேர்த்து ஒரே உயரம். வரப்பு, வாய்க்கால் கரை, படுகை எல்லாம் அந்த ஓர் எண்ணுக்குள் கரைந்துபோகும். ஆனால் தட்டை நிலத்தில் தண்ணீர் எங்கே போகும் என்று தீர்மானிப்பது இரண்டு முழ அகலக் கரைதானே.

தண்ணீர் ஓடும் திசையைக் கணினி எப்படிக் கணிக்கிறது? 1984-இல் ஓகலகனும் மார்க்கும் தந்த முறை இன்றும் பரவலாகப் புழங்குகிறது. ஒவ்வொரு கட்டத்தைச் சுற்றியும் எட்டுக் கட்டங்கள். எது மிகத் தாழ்வோ அங்கே தண்ணீர் போகும். மலையில் அழகாக வேலை செய்யும். டெல்டாவில் எட்டும் ஏறத்தாழ ஒரே உயரம். கணினி திணறிப்போய், ஒன்றுக்கொன்று இணையாக அளவுகோல் வைத்து இழுத்ததுபோல ஓடைகளைப் போடும். அப்படி ஒரு வரைபடத்தைப் பார்த்தால் அங்கே நிலம் இல்லை, பிழைதான் இருக்கிறது என்று புரிந்துகொள்ளுங்கள்.

நம் நாட்டுக்கே உரிய இன்னொரு விபரீதமும் உண்டு. ஒரு கட்டம் சுற்றியுள்ள எட்டையும்விடத் தாழ்வாக இருந்தால் தண்ணீர் அங்கே தேங்கிவிடும், கணக்கு மேலே போகாது. ஆகவே பள்ளங்களையெல்லாம் அளவைப் பிழை என்று கொண்டு முதலில் நிரப்பிவிடுவது வழக்கம். மென்பொருளில் ஒரே பொத்தான். தமிழ்நாட்டில் சுமார் 39,000 ஏரிகள் இருக்கின்றன. தேங்குவதற்கென்றே நம் முன்னோர் மண்ணை வெட்டி, கரை கட்டி, மதகும் கலிங்கும் வைத்து உண்டாக்கிய பள்ளங்கள். அந்தப் பொத்தானை யோசிக்காமல் அழுத்தும் மாணவர் அத்தனை ஏரியையும் ஒரு நொடியில் தூர்த்துவிடுகிறார். சாலைக்குக் கீழே தண்ணீர் போகும் குழாய்ப் பாலத்தை வானத்திலிருந்து பார்க்க முடியாது. மாதிரிக்கு அந்தச் சாலை ஓர் அணை. எந்தப் பள்ளம் நிஜம், எந்தச் சாலைக்குக் கீழே குழாய்ப் பாலம் உண்டு என்பதை ஊருக்குப் போய்ப் பார்த்துத்தான் திருத்த வேண்டும்.

ஜி.பி.எஸ். இருக்கும்போது இந்த நடையெல்லாம் எதற்கு என்று கேட்பார்கள். ஜி.பி.எஸ். நேரடியாகத் தருவது பூமியைக் கணித முறையில் செய்த ஒரு நீள்கோளத்திலிருந்து உயரம். கடலோ ஈர்ப்புவிசைக்குக் கட்டுப்பட்டு நிற்கிறது. ஈர்ப்பு உலகெங்கும் சீராக இல்லை. இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில் கடல் பரப்பு அந்த நீள்கோளத்தைவிட 106 மீட்டர் தாழ்ந்து கிடக்கிறது. உலகிலேயே ஆழமான ஈர்ப்புப் பள்ளம் அது. பூமியின் மூடகத்தில் சூடான, அடர்த்தி குறைந்த பொருள் எழுந்து பரவியிருப்பதே காரணம் என்று பெங்களூரு இந்திய அறிவியல் கழக ஆய்வாளர்கள் 2023-இல் கணினி மாதிரிகள் வழியே வாதிட்டார்கள். தமிழகக் கரை முழுவதும் அந்தப் பள்ளத்தின் சரிவில் இருக்கிறது. திருத்தம் செய்யாத கருவியோடு நாகப்பட்டினம் கடற்கரையில் நின்றால் கடலுக்கு 80 மீட்டருக்கும் அதிகமாகக் கீழே நிற்பதாகக் காட்டும். சென்னையிலிருந்து கன்னியாகுமரி போவதற்குள் இந்தத் திருத்தமே சில மீட்டர் மாறிவிடும். ஆகவே ஜி.பி.எஸ். உயரத்தைத் தண்ணீர் ஓடும் உயரமாக மாற்ற, தரையில் லெவல் எடுத்த கற்கள் வேண்டும்.

கடைமடை விவசாயி இதைப் புத்தகம் இல்லாமல் செய்கிறார். நடவுக்கு முன் பரம்படித்துவிட்டுத் தண்ணீர் கட்டிப் பார்ப்பார். நீருக்கு மேல் தலைகாட்டும் இடம் மேடு. மண்ணை வெட்டிப் பள்ளத்தில் போட்டு மறுபடி பார்ப்பார். சில சென்டிமீட்டர் மேடு பள்ளம்கூட அவர் கண்ணுக்குத் தப்பாது. அவர் வயலுக்குள் இருக்கும் அந்தத் துல்லியம் வயலுக்கு வெளியே, வடிகால் திட்டத்திலும் வெள்ள எச்சரிக்கையிலும் அவருக்குக் கிடைக்க வேண்டும். 2004 ஆழிப்பேரலையில் 6,000-க்கும் மேற்பட்ட உயிர்களை இழந்த மாவட்டம் நாகப்பட்டினம். அங்கே உயரத்தை உத்தேசமாகச் சொல்லும் வரைபடம் போதும் என்று நான் ஒருநாளும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

நெதர்லாந்து தன் நாடு முழுவதையும் விமானத்திலிருந்து லேசர் கதிர் வீசி அளந்து, அதைத் திரும்பத் திரும்பப் புதுப்பித்து, யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளும்படி வைத்திருக்கிறது. லைடார் எனும் இந்த முறையில் லேசர் கதிர் இலைகளின் இடுக்கில் புகுந்து தரையையும் தொடும் என்பதால் தோப்பின் கீழுள்ள நிலமும் தெரியும். நம் தேசியப் புவிவெளிக் கொள்கை 2022 டிசம்பரில் வெளியானது. 2030-க்குள் சமவெளிக்கு 25 சென்டிமீட்டர் துல்லியத்தில் உயர மாதிரி என்று அது இலக்கு வைத்திருக்கிறது. நான் அதை முழு மனத்தோடு வரவேற்கிறேன். அது வேலைக்கு ஆக வேண்டுமானால் இரண்டு காரியம் நடக்க வேண்டும் என்பது என் கருத்து. கடைமடைப் பகுதிகளை வரிசையில் முதலில் வைக்க வேண்டும். வந்த மாதிரியை ஊராட்சித் தலைவரும் கல்லூரி மாணவரும் பார்க்கும்படி வெளியிட வேண்டும்.

அதுவரை நாம் சும்மா இருக்கத் தேவையில்லை. ஒவ்வொரு வாய்க்காலும் வடிகாலும் வெட்டப்பட்டபோதும் தூர்வாரப்பட்டபோதும் லெவல் எடுத்திருக்கிறார்கள். லெவல் புத்தகங்களும் எல்.எஸ். எனப்படும் நீள்வெட்டுத் தாள்களும் பாசனப் பிரிவு அலுவலகங்களின் பீரோக்களில் இருக்கும். சிலவற்றில் ஜி.டி.எஸ். உயரம் இருக்கும். சிலவற்றில் ஒரு மதகுச் சுவரை 100.000 என்று வைத்துக்கொண்டு தொடங்கியிருப்பார்கள். அந்த மதகு இன்னும் நின்றால் அதைப் பெஞ்ச் மார்க்கோடு இணைத்து, புத்தகம் முழுவதையும் கடல் மட்டத்துக்குக் கொண்டுவந்துவிடலாம். சாலை அகலப்படுத்தும்போது பிடுங்கி எறிந்த கற்கள் எத்தனை, நிற்பவை எத்தனை என்ற பட்டியலும் அப்போது கைக்கு வரும். டெல்டா மாவட்டங்களின் கல்லூரிகளில் புவியியல் துறையும் கட்டடப் பொறியியல் துறையும் சேர்ந்து ஆளுக்கு ஒரு வாய்க்காலை எடுத்துக்கொண்டால் போதும். எங்கள் துறை மாணவர்களோடு இந்தக் கோடையில், தண்ணீர் திறப்பதற்கு முன், ஒரு வடிகாலில் இதைத் தொடங்குகிறோம். கருவிகள் இருக்கின்றன. ஸ்டாஃப் பிடிக்க ஆட்கள் வேண்டும். விருப்பமுள்ளவர்கள் கூட்டம் முடிந்ததும் பெயர் கொடுக்கலாம்.